கம்புக்கு முன்னால் காலடி

தென்காசி வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு சிலம்ப வகுப்பு. பதினைந்து பேர் ஆடும் தோப்பா, நூறு பேர் சுற்றும் மண்டபமா? பிள்ளையை எங்கே சேர்ப்பது?

ஆனி மாதம், காலை ஆறு மணி. ஐந்தருவியில் தண்ணீர் கனமாக விழுந்துகொண்டிருக்கிறது. காவலுக்கு நிற்கும் போலீஸ்காரர் குளிக்கிறவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. மேலே பாறை விளிம்பில் நீர் பிரிந்து இறங்கும் இடத்திலேயே அவர் கண் நிற்கிறது. நிறம் கலங்கினாலோ இரைச்சல் கூடினாலோ விசில் வாய்க்குப் போய்விடும். எண்ணெய் தேய்த்த உடம்போடு நூறு பேர் காத்திருந்தாலும் அவர் வேலை அந்த விளிம்பைப் பார்ப்பது ஒன்றுதான்.

அங்கிருந்து குற்றாலம் திரும்பும் சாலையில் சற்றுத் தள்ளி ஒரு தென்னந்தோப்பு. சாரல் தூவானமாக இறங்க, மண் கருத்துக் கிடக்கிறது. பதினான்கு பிள்ளைகள் இரண்டு வரிசையில் நிற்கிறார்கள். யார் கையிலும் கம்பு இல்லை. கம்புகளெல்லாம் ஒரு தென்னையைச் சுற்றிச் சாத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. முன்னே ஓர் அடி, பக்கவாட்டில் ஓர் அடி, திரும்பி ஓர் அடி என்று பிள்ளைகள் காலை மட்டும் எடுத்து வைக்கிறார்கள். கைலியை மடித்துக் கட்டிய ஆசான், வயது அறுபதைத் தாண்டியவர், வரிசைக்கு நடுவே நடக்கிறார். முகங்களை அவர் பார்க்கவில்லை. பார்வை முழுக்கப் பாதங்களில். கண் தென்னை மரத்தடிக்கு ஓடிய ஒரு சிறுமியிடம் நின்று, “ஏ பிள்ளே, காலப் பாரு. கம்ப பெறவு பாக்கலாம்” என்கிறார்.

அன்று சாயங்காலம் தென்காசியில் ஒரு கல்யாண மண்டபம். ஒரே நிறச் சட்டையில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருப்பார்கள். ஒலிபெருக்கியில் பறை முழங்குகிறது. இரண்டு கையிலும் கம்பு. எல்லாக் கம்பும் ஒரே நேரத்தில் சுழலும்போது மண்டபத்துக்குள் காற்று அடிப்பதுபோல ஓர் ஓசை. மயிர்க்கூச்செறிந்தது, உண்மை. அம்மாக்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். பயிற்சியாளர்கள் மூன்று பேர். கடைசி வரிசையில் ஒரு பையனின் கம்பு நழுவிப் பக்கத்துப் பையனின் காதோரம் பட்டது. பட்டவன் தேய்த்துக்கொண்டு மறுபடி சுற்றத் தொடங்கினான். மூன்று பயிற்சியாளர்களும் முன் வரிசையில் இருந்தார்கள். ஒருவரும் பார்க்கவில்லை.

இந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் நின்றுகொண்டுதான் தென்காசி, இலஞ்சி, செங்கோட்டை, கடையநல்லூர் பெற்றோர்கள் இப்போது யோசிக்கிறார்கள். எங்கே சேர்த்தால் நல்லா வரும்? எங்கே சீக்கிரம் வரும்? இரண்டும் ஒரே கேள்வி இல்லை என்பது பலருக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிகிறது.

திடீரென்று ஏன் இத்தனை வகுப்பு?

சிலம்பம் இங்கே புதுசு இல்லை. ஆங்கிலேயருக்குப் பணியாத பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. அம்மன் கொடையில் முளைப்பாரிக்கு முன்னால் கம்பு சுற்றிப் போவதும், மொகரம் ஊர்வலத்தில் சிலம்பம் ஆடுவதும் தென்மாவட்டங்களுக்குப் பழக்கம். ‘பெரிய இடத்துப் பெண்’ படத்தில் எம்.ஜி.ஆர். கம்பெடுத்து நின்றது 1963-இல். அன்றைக்குக் கொட்டகையில் விசிலடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வகுப்பில் நிற்கிறார்கள்.

புதுசாக வந்தது அரசு அங்கீகாரம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் 2021-இல் சிலம்பமும் சேர்ந்தது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் இடம் பிடித்தது. 2024 ஜனவரி 19 முதல் 31 வரை சென்னை, திருச்சி, மதுரை, கோவை என நான்கு ஊர்களில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் செயல்விளக்க விளையாட்டாகக் களம் கண்டது. அந்தப் போட்டிகளில் தமிழ்நாடு 38 தங்கத்தோடு மொத்தம் 98 பதக்கம் பெற்று இரண்டாம் இடத்துக்கு வந்தது. வேலு நாச்சியாரின் உருவம் சின்னமாக நின்ற மேடையில் கம்பு சுழன்றதைப் பார்த்த பெற்றோருக்கு, பிள்ளை கையில் இருக்கும் செல்போனைவிட இது எவ்வளவோ மேல் என்று தோன்றியது. அது சரியான எண்ணம்தான்.

தோப்பு, மாடி, மண்டபம்

இந்த வட்டாரத்தில் பார்த்தவரை வகுப்புகள் மூன்று அளவில் இருக்கின்றன.

முதலாவது ஒற்றை ஆசானின் களம். தோப்பு, கோயில் வெளி, அறுவடை முடிந்த வயல், எதுவும் களம்தான். பத்திலிருந்து இருபது பிள்ளைகள். மாதக் கட்டணம் என்று பெரிதாக எதுவும் இராது. வெற்றிலை பாக்கில் வைத்த தட்சணையும், விஜயதசமிக்கு ஒரு வேட்டி துண்டும்தான். முதலில் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு சலாம் வரிசை. பிறகு காலடி. அதுவே இரண்டு மாதம், மூன்று மாதம் ஓடும். பையன்கள் சலித்துப் போய் நின்றுவிடுவதும் உண்டு. நிலைத்தவர்களுக்குத்தான் கம்பு. அதற்குப் பிறகு வீச்சு, வரிசை, அடிதடுப்பு என்று மேலே போகும். துடுக்காண்டம், குறவஞ்சி, கள்ளன் கம்பு என்று ஆட்ட முறைகளுக்கு இவர்கள் சொல்லும் பெயர்களைக் கேட்பதே ஒரு சுகம். நோட்டுப் புத்தகம் கிடையாது. எல்லாம் ஆசானின் நினைவில்.

ஆனால் தோப்பை நினைத்து உருகிவிடவும் கூடாது. முதலுதவிப் பெட்டி இல்லாத களங்களைப் பார்த்திருக்கிறேன். காலடி தப்பினால் கம்பாலேயே முழங்காலில் ஒன்று வைக்கும் ஆசான்களும் இருந்தார்கள், இன்னும் சிலர் இருக்கிறார்கள். கடைசி வித்தையைச் சொல்லிக்கொடுக்காமல் வைத்துக்கொள்ளும் பழக்கத்தால் எத்தனை ஆட்ட முறைகள் ஆளோடு சுடுகாட்டுக்குப் போயின என்பதற்குக் கணக்கில்லை.

இரண்டாவது, மொட்டை மாடி வகுப்பு. நாற்பதிலிருந்து எண்பது பேர், இரண்டு மூன்று பேட்ச். பெரும்பாலும் முப்பதுகளில் இருக்கும் ஒரு மாஸ்டர். சின்ன வயதில் தோப்பில் படித்தவர், பிறகு கராத்தேயும் கற்றவர். ஆகவே கராத்தே மாதிரியே மஞ்சள், பச்சை, நீலம் என்று பெல்ட். பழைய ஆசான்களுக்கு இது பிடிப்பதில்லை, வேட்டி கட்டும் கலைக்கு பெல்ட் எதற்கு என்பார்கள். எனக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை. இதுவரை இவ்வளவு கற்றிருக்கிறாய், அடுத்தது இது என்று பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தெரிவது நல்லதுதானே. மாஸ்டர் நல்லவராக அமைந்துவிட்டால், மூன்று அளவிலும் இதுவே பிள்ளைக்கு வாகான இடம் என்பது என் எண்ணம். எல்லாப் பெயரும் அவருக்குத் தெரியும். சண்டைக்குத் தலைக்கவசமும் மார்புக்கவசமும் வாங்கி வைக்கும் அளவுக்கு வருமானமும் இருக்கும்.

மூன்றாவது, மண்டபம். பல கிளைகள், பள்ளிகளோடு ஒப்பந்தம், ஞாயிற்றுக்கிழமை கூட்டுப் பயிற்சி. போட்டிகளுக்குத் தேர்வும் வேன் ஏற்பாடும் இங்கே சுளுவாக நடக்கும். பெண் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறார்கள். இருவர் மோதும் தொடுமுறைப் போட்டிக்குச் சம எடையில் எதிராளி வேண்டும். பதினான்கு பேர் உள்ள தோப்பில் அதற்கு எங்கே போவது? அந்த வகையில் பெரிய கூடம் ஒரு வரம். ஆனால் கிளைகளில் நின்று கற்றுக்கொடுப்பவர் பல சமயம் பதினெட்டு வயது மூத்த மாணவர். பலகையில் யார் படம் இருக்கிறதோ அவர் பிள்ளையின் காலடியை மாதம் ஒரு முறை பார்த்தால் உண்டு.

இவை போக, அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றங்கள் இருக்கின்றன. 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு விடுமுறை நாட்களில் குறைந்த கட்டணத்தில் கலைகள் கற்றுக்கொடுப்பவை. பல ஊர் மன்றங்களில் சிலம்பமும் உண்டு. பலகை வைத்து விளம்பரம் செய்யாததால் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பெட்டிச் செய்தி: ஒரு கம்பின் கணக்கு

மூங்கிலும் பிரம்பும் பரவலாகப் புழங்கும் கம்புகள். பிள்ளைகளுக்குப் பிரம்பு நல்லது: வளைந்து கொடுக்கும், சிராய் ஏற்றாது. நீளம் ஆளுக்கு ஆள் மாறும். நேராக நிறுத்தினால் புருவத்தையோ நெற்றியையோ தொட வேண்டும். வளர்ந்த ஆணுக்கு ஏறத்தாழ ஐந்தரை அடி. தண்ணீரில் ஊறப்போட்டு, ஓடும் நீரின் மேல் அடித்து அடித்துக் கம்பைப் பதப்படுத்துவது பழைய முறை. போட்டியில் ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு, வேல்கம்பு, வாள் வீச்சு, மான் கொம்பு, சுருள்வாள் ஆகியவை தனித்திறன் பிரிவில் வரும். எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுப்பது தொடுமுறை. முன்காலத்தில் நுனியில் சாயமோ சாம்பலோ தடவி, உடம்பில் பதிந்த பொட்டுகளை எண்ணுவார்கள். சிலம்பு என்ற சொல்லுக்கு மலை என்றும் பொருள் உண்டு, ஒலி என்றும் பொருள் உண்டு.

அடுக்கி ஏறும் அமெரிக்கப் பிள்ளைகள்

பெரிய கூடமா சிறிய கூடமா என்ற கேள்வியில் நம்மைவிட முன்னால் தலையை உடைத்துக்கொண்டவர்கள் அமெரிக்காவின் சியர்லீடிங் பயிற்சிக் கூடத்தார். நமக்கு அந்தச் சொல் 2008-இல் ஐ.பி.எல். கிரிக்கெட்டோடு வந்தது. எல்லைக்கோட்டுக்கு வெளியே ஆடியவர்களை வைத்து அதை எடை போட்டுவிட்டோம். அங்கே அது வேறு உலகம். ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நிற்பதும், ஆளைத் தூக்கி மேலே வீசிப் பிடிப்பதும், பல்டியும் சேர்ந்த கடுமையான போட்டி விளையாட்டு. இரண்டரை நிமிடம்தான் ஆட்டம், அதற்கு வருடம் முழுக்கப் பயிற்சி. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2021-இல் அதன் உலகக் கூட்டமைப்புக்கு முழு அங்கீகாரம் தந்தது.

அங்கேயும் ஒரே ஷெட்டில் எல்லா வயதையும் சேர்த்து வைத்துச் சொல்லிக்கொடுக்கும் சிறு கூடங்கள் உண்டு. பல்டிக்கு ஒரு வகுப்பு, தூக்கி நிறுத்துவதற்கு ஒரு வகுப்பு, உடம்பை வளைப்பதற்கு ஒரு வகுப்பு என்று நாள் பிரித்து நூற்றுக்கணக்கானோரை வைத்து நடத்தும் பெரிய கூடங்களும் உண்டு. சிறு கூடங்கள் நசுங்கிவிடக் கூடாதென்று போட்டிகளில் அவற்றுக்கெனத் தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் கூடம் எவ்வளவு பெரிதானாலும் படியை யாரும் தாண்ட முடியாது. மொத்தம் ஏழு நிலைகள். முதல் நிலையில் கரணம் உண்டு, காற்றில் பல்டி கிடையாது. இரண்டாம் நிலையில் கையைத் தரையில் ஊன்றித் தாவலாம். கை படாமல் காற்றில் சுழல்வதற்கு மூன்றாம் நிலை வர வேண்டும். பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரி என்றாலும் அவள் அணி எந்த நிலையில் பதிவாகியிருக்கிறதோ அதற்கு மேற்பட்ட வித்தையை மேடையில் காட்டினால் புள்ளி குறையும். மேலே ஏறுகிறவளுக்குப் பின்னால், விழுந்தால் தலையையும் தோளையும் தாங்குவதற்கென்றே ஒருவர் நிற்பார். அவர் பார்வை மேலே இருப்பவளை விட்டு அகலக் கூடாது.

இந்த விதிகள் எளிதில் வந்துவிடவில்லை. அமெரிக்கப் பள்ளி விளையாட்டுகளில் பெண் பிள்ளைகளுக்கு நேர்ந்த உயிருக்கும் முதுகெலும்புக்கும் ஆபத்தான காயங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சியர்லீடிங்கில் நடந்தவை என்று வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வு மையம் கணக்கெடுத்துச் சொன்னது. 2006-இல் ஒரு கல்லூரி மாணவி தொலைக்காட்சி நேரலையின்போதே மேலிருந்து தலைகீழாக விழுந்தார். கூடைப்பந்துத் தளம் போன்ற கடினத் தரையில் ஆளை வீசிப் பிடிப்பது அதற்குப் பிறகுதான் நிறுத்தப்பட்டது.

தோப்பில் ஆசான் கம்பை மரத்தில் சாத்திவிட்டு மூன்று மாதம் காலடி சொல்லிக்கொடுப்பதும், அங்கே ஏழு நிலை வைத்திருப்பதும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. நம்மிடம் அது வாய்மொழியாக இருந்தது, அங்கே எழுதி வைத்து அமல்படுத்துகிறார்கள். எழுதாததால்தான் நம் மண்டபங்களில் அந்த மூன்று மாதம் மூன்று வாரமாகச் சுருங்கிக்கொண்டிருக்கிறது.

நம் ஊரிலேயே எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் விழுப்புரத்துக்குப் போக வேண்டும். மல்லர் கம்பத்துக்குத் தமிழ்நாட்டில் அதுதான் தாய்வீடு. விளக்கெண்ணெய் பூசிய, ஆள் உயரத்தை மிஞ்சிய மரத்தூணில் சிறுவர்கள் ஏறி வளைகிறார்கள். கயிற்று மல்லர் கம்பத்தில் பெண் பிள்ளைகள் அந்தரத்தில் ஆசனமிடுகிறார்கள். அந்த விளையாட்டில் இறங்குவதற்கு முறையாகச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் உயர ஏற விடுவார்கள். மும்பையில் வாழ்நாள் முழுதும் மல்லர் கம்பம் கற்றுக்கொடுத்த உதய் தேஷ்பாண்டேவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சிலம்பத்தில் கீழே விழும் பயம் குறைவுதான். ஆனால் வீசுகிற கம்பு நமக்கு மட்டும் சொந்தமில்லை, நான்கடி தள்ளி நிற்கிற பிள்ளையின் கண்ணுக்கும் அது சொந்தம்.

சான்றிதழ் தாகம்

ஒதுக்கீடு வந்ததால் நல்லது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். வேலைக்கு உதவாத கலை என்று ஒதுக்கப்பட்டதைப் பிள்ளைகள் தலைநிமிர்ந்து கற்கிறார்கள். ஆனால் அதே ஒதுக்கீடு, சேர்ந்த முதல் வாரத்திலேயே “அண்ணாச்சி, சர்டிபிகேட் எப்பம் கிடைக்கும்?” என்று கேட்க வைத்துவிட்டது. கேட்டால் கொடுக்க ஆள் இல்லாமல் போகுமா?

எந்தச் சான்றிதழ் எதற்குச் செல்லும் என்பது பெற்றோரில் பலருக்குத் தெரிவதில்லை. அரசு வேலைக்கோ கல்லூரி இடத்துக்கோ எடுபடுவது, அந்தந்த அறிவிப்பில் சொல்லப்பட்ட அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் நடத்திய போட்டிகளில் வாங்கிய இடங்கள் மட்டுமே. பெயரில் ‘உலக’ என்றும் ‘அகில இந்திய’ என்றும் இருப்பதால் மட்டும் ஒரு தாள் செல்லுபடி ஆகிவிடாது. ஒரே விளையாட்டுக்குப் பல சங்கங்கள் இருக்கும்போது, பிள்ளை ஐந்து வருடம் ஒரு சங்கத்தின் போட்டிகளில் மட்டும் ஆடி, பிளஸ் டூ முடித்த பிறகு அவை கணக்கில் வராது என்று தெரிந்தால் அந்த வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்குமா?

இதற்கு மேலே ‘சாதனை’ நிகழ்ச்சிகள். ஒரே மைதானத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், இடைவிடாமல் ஒரு மணி நேரம், சில இடங்களில் அதற்கும் மேல் கம்பு சுற்றுகிறார்கள். பானை மேல் நின்று சுற்றுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு சுற்றுவது, ஆணிப் பலகையில் நின்று சுற்றுவது என்று வகை வகையாக. பங்கேற்கக் கட்டணம் உண்டு, பிறகு ஒரு பதக்கம், தனியார் சாதனைப் புத்தகம் ஒன்றின் பெயர் போட்ட சான்றிதழ், செய்தித்தாளில் குழுப் படம். ஐந்து வயதுப் பிள்ளை வெயிலில் நின்று சுற்றிக்கொண்டிருக்க, பெற்றோர் நிழலில் நின்று கைதட்டுவதை எந்தச் சாதனையாக எழுதுவது? இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளை புதிதாக ஓர் அடி, ஒரு தடுப்பு, ஒரு வரிசை கற்பதில்லை. முதல் நிமிடத்தில் தெரிந்ததையேதான் அறுபதாவது நிமிடத்திலும் செய்கிறது, வலியோடு.

மணிக்கட்டு தாங்குமா?

வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு என்ற மெல்லிய குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். பெரியவர்களுக்கு ஜவ்வு விலகும் இடத்தில் பிள்ளைகளுக்கு இந்தத் தட்டு அடிபடும். கம்பு சுற்றும்போது அத்தனை சுழற்சியும் மணிக்கட்டிலும் தோளிலும் இறங்குகிறது. ஒரே அசைவை ஓயாமல் செய்வதால் வரும் காயத்தில் பல சமயம் வீக்கமோ ரத்தமோ தெரியாது. பிள்ளை பேனா பிடிக்கும்போது கையை உதறும். அதைத்தான் வீட்டில் கவனிக்க வேண்டும்.

குழந்தைகள் விளையாட்டு மருத்துவத்தில் எளிய அளவு ஒன்று சொல்வார்கள்: பிள்ளைக்கு எத்தனை வயதோ அதற்கு மேல் வாரத்துக்கு மணி நேரம் போகக் கூடாது. எட்டு வயதுக்கு வாரம் எட்டு மணி. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு, வருடத்தில் இரண்டு மூன்று மாதமாவது அந்த விளையாட்டை விட்டு விலகல். ஒரே விளையாட்டைச் சின்ன வயதிலேயே வருடம் முழுக்கப் பிடித்துக்கொள்வது நல்லதில்லை என்பது அவர்கள் கருத்து. நம் தோப்புகளில் இந்த ஓய்வு தானாகவே நடந்தது. சாரல் கனத்தால் களம் வழுக்கும், ஆட்டம் நின்றுவிடும். நடவு வந்தால் நிற்கும், அறுப்பு வந்தால் நிற்கும். கூரை போட்ட மண்டபத்துக்கு மழையும் இல்லை, ஓய்வும் இல்லை.

குற்றாலத்துக்காரர்களுக்கு இன்னொரு வார்த்தை. இங்கே எல்லா வலிக்கும் எண்ணெய் தேய்த்து அருவியில் காட்டினால் போதும் என்ற நம்பிக்கை உண்டு. அலுப்புக்கு அது அருமையான மருந்து, நானும் விடமாட்டேன். ஆனால் அடிபட்ட மணிக்கட்டைத் தேய்த்து உருவுவதற்கு முன்னால் ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

வசந்தவல்லியின் ஊரில்

இந்த வகுப்புகளில் என்னை அதிகம் சந்தோஷப்படுத்தியது பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை. தோப்பில் பதினான்கு பேரில் எட்டுப் பேர் பெண்கள். முந்தைய தலைமுறையில் கம்பு பையன்களுக்கு மட்டும். அக்கா தங்கைகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. திரிகூடராசப்பக் கவிராயர் தம் குறவஞ்சிப் பாட்டில் இதே ஊரில் நாயகி வசந்தவல்லியைப் பந்தாட விட்டு அழகு பார்த்தார். பாட்டில் ஆடிய பெண் களத்துக்கு வர இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

அளவு என்னும் கேள்வி பெண் பிள்ளைகளுக்கு வேறு மாதிரி வந்து நிற்கிறது. ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் பல வீடுகளில் வகுப்புக் கட்டணம் என்பது அம்மா சுற்றிய பீடிக் கட்டுகளிலிருந்து வருகிறது. தெருமுனைக் களம் என்றால் பிள்ளை நடந்து போய் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடும். டவுன் மண்டபம் என்றால் பஸ், துணைக்கு ஓர் ஆள், அன்றைக்குப் பீடி குறையும். போட்டிக்கு வெளியூர் போக வேண்டுமென்றால் சாப்பாடு, தங்கல், சட்டை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஒரு தொகை. அண்ணனுக்கு என்றால் கடன் வாங்கியாவது அனுப்பும் வீடு, தங்கைக்கு அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிடும். பெரும்பாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், பெரியவளானதும், நின்றுவிடுகிறாள். நிற்காமல் தொடர்கிறவர்கள் பெரும்பாலும் பெண் பயிற்சியாளர் இருக்கும் இடத்தில் படிப்பவர்கள். கூடத்தாருக்கு என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த சுருள்வாள் வாங்குவதற்கு முன்னால் மூத்த மாணவிகளில் ஒருத்திக்குச் சம்பளம் கொடுத்து நிறுத்துங்கள்.

சொல்லக் கூசும் விஷயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நிலையைத் திருத்தத் தோளைத் தொடுவது, இடுப்பைத் திருப்புவது எல்லாம் இந்தக் கலையில் இருக்கிறது. சொல்லிவிட்டுத் தொடுகிறாரா, எல்லோரும் பார்க்கத் தொடுகிறாரா, பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கக் கதவு திறந்திருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். பிள்ளை திடீரென்று வகுப்புக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தால் சோம்பல் என்று விரட்டாமல் உட்கார வைத்துக் கேளுங்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பயிற்சிக் களத்துக்கும் பொருந்தும். குழந்தைகள் உதவி எண் 1098.

ஆசான் எப்படிப் பிழைக்கிறார்?

பெற்றோர் கேட்காத கேள்வி இது. இருபது பிள்ளைகள், தலைக்கு ஒரு சிறு தொகை என்றால் மாதத்துக்கு என்ன தேறும்? தோப்பு ஆசான்களில் பலர் பகலில் கொத்தனார், தோட்ட வேலை, சீசன் காலத்தில் பழக்கடை. அறுபதைத் தாண்டி, உடம்பு ஒத்துழைக்காத காலத்தில் அரசு நலிந்த கலைஞர்களுக்குத் தரும் 3,000 ரூபாய் மாத உதவித்தொகை இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கச் சான்று வேண்டும். ஆயிரம் பிள்ளைகளுக்குக் கம்பு பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவரிடம் அதைக் காட்ட ஒரு தாள் இருக்காது.

இதனால்தான் தோப்பில் படித்த நல்ல மாணவர்கள் மண்டபத்துக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு பள்ளி ஒப்பந்தம் கிடைத்தால் வீட்டுவாடகை கொடுத்துவிடலாம். அந்தப் பள்ளி ஆண்டு விழாவுக்கு மூன்று மாதத்தில் இருநூறு பிள்ளைகள் மேடையில் சுற்ற வேண்டும் என்று கேட்கும். மறுக்க முடியுமா? காலடி அங்கேதான் கைவிடப்படுகிறது. பெரிய கூடங்கள் ஆளுக்கொரு தோப்பு ஆசானை வாரம் ஒரு நாள் கூப்பிட்டு, மரியாதையான சம்பளம் கொடுத்து, சேருகிற எல்லாப் பிள்ளைக்கும் முதல் மூன்று மாதத்தை அவர் பொறுப்பில் விட்டால் என்ன? இரண்டு இடத்திலும் இல்லாமல் போனது இரண்டு இடத்துக்கும் கிடைக்கும்.

பெட்டிச் செய்தி: சேர்க்கும் முன் ஒரு மணி நேரம்

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வகுப்பு முழுவதையும் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பயிற்சியாளர்கள் எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இருபதுக்கு ஒருவர் கூட இல்லையென்றால் யோசியுங்கள். கம்பு நழுவினால் யார் கண்ணில் முதலில் படுகிறது? கம்பின் வீச்சு எட்டாத அளவு இடைவெளி விட்டு நிறுத்துகிறார்களா? தரை மண்ணா, சிமெண்டா, வழுவழுக்கும் டைல்ஸா? வந்த முதல் நாளே கம்பைக் கையில் கொடுத்துவிடுகிறார்களா? நாள்தோறும் நின்று சொல்லிக்கொடுக்கப்போகிறவர் யார் என்று பெயர் கேளுங்கள், பலகையில் இருப்பவர் பெயரை அல்ல. எந்தச் சங்கத்தின் போட்டிகளுக்கு அனுப்புகிறார்கள் என்பதை எழுதி வாங்கி, மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் காட்டி விசாரியுங்கள். தொடுமுறை ஆடும்போது தலைக்கவசம் போடாத இடத்தில் சேர்க்கவே வேண்டாம்.

மூலையில் நிற்கும் கம்புகள்

தோப்புக்கு மறுபடியும் போனேன். சாரல் விட்டிருந்தது. கண் தென்னை மரத்தடிக்கு ஓடிய அந்தச் சிறுமிக்கு அன்றைக்குத்தான் கம்பு. ஆசான் நீளமான பிரம்பு ஒன்றை அவள் எதிரில் நட்டமாக நிறுத்தி, புருவ மட்டத்தில் கட்டைவிரல் நகத்தால் கீறினார். கீறலுக்கு இரண்டு விரல்கடை மேலே வைத்து அறுத்தார். வளருவாளே, அதற்காக. அறுத்த முனையைக் கல்லில் தேய்த்து மழுக்கி, எண்ணெய் தொட்டுத் துடைத்துக் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு மண்ணைத் தொட்டுக் கும்பிட்டாள்.

அவளுடைய அக்கா நான்கு வருடமாக இதே களத்தில் ஆடுகிறாள். இலஞ்சிப் பக்கம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, கதவு மூலையில் அக்காவின் கம்புகள் நான்கு சாத்தி வைக்கப்பட்டிருந்தன, ஒன்றைவிட ஒன்று உயரமாக. அம்மா பீடித் தட்டை மடியில் வைத்தபடியே அதில் ரொம்பக் குட்டையானதைக் காட்டி, அது மூணாங்கிளாஸ் படிக்கையில எடுத்தது என்றார். பக்கத்தில் சின்னவளின் கம்புக்கு இடம் ஒதுக்கி, அங்கிருந்த குடையை எடுத்து ஆணியில் மாட்டியிருந்தார்கள்.